பின்பக்கத்து அறை

அர்ச்சுனன் காக்கிச் சட்டையோடு கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்களை மூடிக்கொண்டான். தலைக்கு மேலே விசிறி கிறீச்சிடாமல் சுற்றியது. வாசலில் சாவிக்கொத்தோடு நின்ற ஹோட்டல்காரர், வயதான சீனர், இவன் தூங்கிவிடுவானோ என்று சந்தேகப்பட்டவர்போல ஒருமுறை கனைத்தார்.

"சினி சுன்யி," என்றார். இந்தப் பக்கம் அமைதி, சத்தமே வராது என்று மலாயில் விளக்கினார்.

அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். தெருவில் போகும் பஸ்களின் இரைச்சல் இங்கே ஏதோ பக்கத்து ஊரில் ஓடுவதுபோலக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நாலடியில் அடுத்த கட்டடத்தின் சுவர். பக்கத்து அறைகள் இரண்டும் காலி. காலையிலிருந்து அவன் பார்த்த மூன்றாவது ஹோட்டல் இது. ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த முதலாவதில் எஞ்சின் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. இரண்டாவதில் மெத்தை நன்றாக இருந்தது. ஆனால் படிக்கட்டில் மூன்று பெண்கள் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவை அவர்களைத் தாண்டி எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

"ரெண்டு நாளைக்கு," என்று எழுந்து உட்கார்ந்தான். "எங்க அப்பாவுக்கு. வெள்ளிக்கிழமை பினாங்குல கப்பல் ஏறுறாரு."

அப்பா பிச்சைமுத்துவுக்கு அறுபத்தாறு வயது. கம்பாருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால் வெட்டியவர். அம்மா இறந்த பிறகு அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், மகள் மங்களத்தோடு இருந்தார். இந்தியாவில், சொந்த ஊரில், அவருடைய அக்கா ஒருத்தி இன்னும் உயிரோடு இருப்பதாகக் கடிதம் வந்தது. கண் தெரியவில்லை, ஒருதடவை வந்து குரலாவது காட்டிவிட்டுப் போ என்று யாரையோ வைத்து எழுதியிருந்தாள். அதிலிருந்து அப்பா மெட்ராஸ் கப்பலைப் பற்றித்தான் பேசினார். டாக்டர் மட்டும் தயங்கினார். நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, கப்பல் ஏறுமுன் இரண்டு நாளாவது நன்றாகத் தூங்கட்டும், சத்தமில்லாத இடமாக இருக்கட்டும், மாடிப்படி வேண்டாம் என்றார்.

அர்ச்சுனன் பஸ் கண்டக்டர். ஈப்போவின் புந்தோங் பகுதியில் இரண்டு அறை வாடகை வீடு. மனைவி கருப்பம்மாள், நான்கு பிள்ளைகள். எதிரே கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியை இவர்கள் வீட்டு வாசல் கம்பத்தில்தான் கட்டியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இரவு பதினொன்றுவரை வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. ஹோட்டல் என்று அவன்தான் முடிவு செய்தான். ஆயுசில் ஒருதடவை அப்பா மெத்தையில் படுக்கட்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. படிதான் குறை. ஈப்போவில் இந்த மாதிரி ஹோட்டல்கள் எல்லாமே மாடியில்தான். இருபத்திரண்டு படிகள். ஒருதடவை மெதுவாக ஏறினால் போதும், அப்புறம் வெள்ளிக்கிழமைதானே இறங்கப் போகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

புதன் மாலை தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பா, அந்தப் படிகளில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அறைக்குள் வந்ததும் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையால் விரிப்பைத் தடவினார். பிறகு சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"கல்லா?"

"ஆமாப்பா. கெட்டிச் சுவரு."

"அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதான் இந்த ரூம எடுத்தேன். நிம்மதியா தூங்கலாம்."

அப்பா தலையாட்டினார். லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவே பலகைத் தடுப்புத்தான். அதுவும் கூரைவரை போகாது. ஐந்தாவது வீட்டில் யாராவது இருமினால் முதல் வீட்டில் இருப்பவர் பேர் சொல்லி விசாரிப்பார். அங்கே வளர்ந்தவன்தான் அர்ச்சுனன். ஆனால் அது அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை.

அர்ச்சுனன் வாங்கி வைத்திருந்த இடியப்பத்தை இருவருமாகச் சாப்பிட்டார்கள். மணி ஏழு ஆனது. அவன் சாவியைப் பெட்டிமேல் வைத்து, கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து காட்டினான்.

"கதவ சாத்தாம வெச்சிக்கிறேனே, தம்பி. காத்து வரும்."

"வேணாம்பா. பாஸ்போர்ட்டு, டிக்கெட்டுலாம் பெட்டியில இருக்கு. தாப்பா போட்டுக்குங்க."

அப்பா கட்டிலைப் பார்த்தார். "கட்டிலு பெருசாத்தான் இருக்கு. ரெண்டு ஆளு படுக்கலாம்."

"காலையில அஞ்சு மணிக்கு டிப்போவுல நிக்கணும்பா. மொத நடை முடிச்சிட்டு பத்து மணிக்கு வாரேன். பசியாற வாங்கிட்டு வாரேன்."

"சரி, போ. பிள்ளைங்க தேடும்."

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் அர்ச்சுனன் இறங்கி வந்தான். தெருவில் நின்றபோது உடம்பு லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி. அதோடு, அப்பாவின் இழுப்பு மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதையும் அவன் உணர்ந்தான். பஸ் ஏறி வீட்டுக்குப் போய், ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும்போதே படுத்துத் தூங்கிப்போனான்.

மறுநாள் பத்தே காலுக்கு, ஒரு கையில் தோசைப் பொட்டலமும் மறு கையில் காப்பி பிளாஸ்க்குமாகப் படியேறினான். தட்டினான். கூப்பிட்டான். கைப்பிடியைத் திருகித் தள்ளினான். தாழ்ப்பாள் போடப்பட்டிருக்கவில்லை. கதவு நான்கு விரல் அளவு திறந்து, எதன்மேலோ இடித்து நின்றது. மெத்தென்று, ஆனால் அசையாமல். இடுக்கில் குனிந்து பார்த்தான். தரையில் வேட்டி ஓரம் தெரிந்தது. அதை அடுத்து ஒரு கை, கதவுப் பக்கம் நீண்டிருந்தது.

ஹோட்டல்காரரும் அவனும் சேர்ந்து கதவைத் தள்ளினார்கள். அப்பாவின் உடம்பைத் தள்ளித்தான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. அந்தக் கனம் தோள்வழியாக அவனுக்குள் இறங்கியது. அப்பா தாழ்ப்பாளை விலக்கும்வரை வந்திருக்கிறார். உடம்பு சில்லென்று விறைத்திருந்தது. மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தரையில் அவருடைய துண்டு விரித்துக் கிடந்தது.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் இருதயம் என்று சொல்லி, நான்கு மணிக்கு உடலைக் கொடுத்தார்கள். வேன் தெருவுக்குள் திரும்பியபோது கோயில்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டார்கள். பிறகு யாரோ போய் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். ஒன்பது நாளாக ஓயாத தெரு சட்டென்று அடங்கியது. பக்கத்து வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம், சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. அர்ச்சுனனால் அதைத் தாங்க முடியவில்லை. கருப்பம்மாளிடம் ரேடியோவைப் போடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தான்.

மங்களம் ஆறு மணி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கடைசியில யாருண்ணே பக்கத்துல இருந்தா?"

அவன் அப்பாவின் தலைமாட்டில் எரிந்த விளக்கைப் பார்த்தான்.

"நான்தான்."

"தண்ணி கேட்டாரா?"

"கேட்டாரு. ரெண்டு வாய் குடிச்சாரு. அப்பறம் அப்பிடியே கண்ண மூடிட்டாரு."

சமையலறை வாசலில் நின்ற கருப்பம்மாள் அவனைப் பார்த்தாள். முந்தின இரவு அவன் தன் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டது அவளுக்குத் தெரியும். உள்ளே போனாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"அந்த மட்டும் புண்ணியம்," என்றாள் மங்களம். "லயத்துல ராத்திரி எந்திரிச்சி என்னை ரெண்டு தடவ கூப்பிடும். தண்ணிக்கு இல்ல. நான் இருக்கேனான்னு பாக்க. 'இருக்கேன்பா'ன்னா மறுபடியும் படுத்துக்கும். தனியா வுட்டுறாதண்ணேன்னு உங்கிட்ட சொல்லி அனுப்பணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

வந்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள். அவனும் அதையே சொன்னான். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. தண்ணீர் வெந்நீராயிற்று. அப்பா தன் அக்காவின் பேரைச் சொன்னார். இவன் அவர் தலையை மடியில் வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை விடியும்போது, அந்த மடியின் கனம்கூட அவனுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

பத்து மணி வாக்கில், தோட்டத்து ஆட்களை ஏற்றிவரும் லாரிக்காகக் காத்திருந்தபோது, ஹோட்டல்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் சீனப் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றார். அர்ச்சுனன் எழுந்து போனான். பொட்டலத்தில் அப்பாவின் ரப்பர் செருப்பு இருந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்ததாம்.

"தெரிமா காசே," என்று நன்றி சொன்னான் அர்ச்சுனன்.

அவர் போகவில்லை. குனிந்த தலையோடு மலாயில் மெதுவாகப் பேசத் தொடங்கினார். வீட்டில் வேறு சத்தமே இல்லை.

"நீ போன பிறகு உன் அப்பா கீழே இறங்கி வந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே போய்த் தூங்குங்கள் என்றேன். போனார். மறுபடியும் வந்தார். மேலே யாருமே இல்லையே, இங்கேயே துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கூடாது, கதவைப் பூட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மகன் எங்கே என்று கேட்டேன். வேலை இருக்கிறது, காலையில் வருவான் என்றார்."

தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு தடவை அந்தப் படி ஏறினார். நான் பெஞ்சைக் கொடுத்திருக்கலாம். நேற்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அர்ச்சுனன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மங்களத்துக்கும் வாசற்படிக்கும் இடையே ஆறடிகூட இல்லை. அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஈ ஓட்டுவதற்காக அவள் அசைத்துக்கொண்டிருந்த விசிறி மட்டையின் சத்தம் நின்றிருந்தது.

"உங்க மேல தப்பு இல்ல," என்று அவரிடம் சொன்னான். குரல் யாருடையதோபோல வந்தது.

அவர் இரண்டு கைகளையும் சேர்த்து அப்பாவைப் பார்த்து மூன்றுமுறை குனிந்துவிட்டு, தெருவோடு நடந்து போனார். அர்ச்சுனன் செருப்பைப் பிடித்தபடி நின்றான். உள்ளே போவதற்கும் மங்களத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்டுவிட்டால் நல்லது என்று தோன்றியது. கொஞ்சநேரம் கழித்து விசிறி மட்டை மறுபடி அசைய ஆரம்பித்தது.

தோட்டத்து லாரி வந்தது. முதலில் காளியம்மா சின்னம்மா இறக்கிவிடப்பட்டாள். அப்பாவின் தம்பி மனைவி. முப்பது வருஷம் அடுத்த வீட்டில் இருந்தவள். மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்து, மங்களத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். பின்னால் வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அது அடங்கியதும் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"மவராசன் கடைசி நேரத்துல தனியாவா கெடந்தாரு? யாரு இருந்தா கூட?"

அர்ச்சுனன் வாயைத் திறந்தான். மடியும் வெந்நீரும் அக்காவின் பேரும் வரவில்லை. சுவரோரம் இருந்த பெண்கள் அவனைப் பார்த்தார்கள். கருப்பம்மாள் தம்ளர் தட்டோடு அப்படியே நின்றாள்.

"அண்ணன் இருந்திச்சி, சின்னம்மா," என்றாள் மங்களம். "தண்ணி குடுத்திச்சி. மடியிலதான் போச்சி அப்பாவுக்கு."

அவனைப் பார்க்காமல், அவன் எல்லோரிடமும் சொல்லிவந்ததையே சொன்னாள்.

"போதும்டி. அது போதும்," என்று காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அர்ச்சுனனின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிடித்த கையை அவள் விடவில்லை.

வெளியே ஆட்கள் மூங்கிலை இறக்கினார்கள். பினாங்கில் இந்நேரம் கப்பலுக்குச் சாமான் ஏற்றத் தொடங்கியிருப்பார்கள். அறைக்குள் புழுக்கமாக இருந்தது. அப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த காசு, சந்தனம் உலர்ந்து புருவத்தின் பக்கம் நழுவியிருந்தது.

அதைச் சரிசெய்ய அர்ச்சுனன் கையை நீட்டினான். அதற்குள் மங்களத்தின் கை அங்கே போயிருந்தது.