மெமரி சேருமா என்று கேட்டவர் அண்ணி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததில்லை, வயிற்றெரிச்சலில் உதித்தது. என் அண்ணி தனக்கென்று ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போனார். போன இடத்தில் நடந்ததைக் கேட்டும், மறுநாள் கூடவே போய்ப் பார்த்தும் எனக்கு ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. ஆறவைத்து எழுதலாம் என்று பார்த்தேன். ஆறமாட்டேன் என்கிறது.

நாத்தனார் ஒருத்தி அண்ணிக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதுவாளா என்று சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

முதல் வரியை இப்படி எழுதினேன்:

‘அவளுடைய மகன் மட்டும் இருந்திருந்தால் —’

அடித்துவிட்டேன். அண்ணிக்கு மகன் கிடையாது, இருந்ததும் இல்லை. (ஒரு மகள் உண்டு. வெளியூரில் வேலை. கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே கொட்டாவி விடுவாள். இந்தக் கதையில் அவளுக்கு இதற்குமேல் வேலை இல்லை.)

‘தனிமையின் பாரம் தாங்காமல், ஐம்பது தாண்டிய வயதில் அவள் —’

இதையும் அடித்துவிட்டேன். வீட்டில் அண்ணன் இருக்கிறார். தனிமை எங்காவது கிடைத்தால் அண்ணி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

இப்படியெல்லாம் என்னை எழுதவைத்தவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். வரைவைப் படித்துவிட்டு, “எல்லாம் சரிம்மா. ஆனா அவங்களுக்கு எதுக்கு அது? ஒரு இழப்பு, ஒரு துக்கம், ஏதாவது வேணும்ல? வாசகன் கேப்பானே” என்றார்.

ஐம்பது வயது ஆண் ஒருவர் கேரம் போர்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ‘பாவம், வீட்டில் யார் தவறிப்போனது?’ என்று எந்த வாசகனும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அண்ணிக்கு விளையாடப் பிடிக்கும். காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமென்றால் வேறு எழுத்தாளரைப் பாருங்கள்.

2

அண்ணி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார். “மூச்சை இழுத்துப் பிடிங்க... அப்படியே இருங்க... இப்ப விடுங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவர் குரலில் ஒரு தினுசான கண்டிப்பு ஏறியிருக்கும். கூட வேலை பார்ப்பவர் வீட்டில் ஒருநாள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பார்த்தார். குதிரை, வாள், மலைமேல் ஒரு கோட்டை. ‘நீங்களும் பாருங்களேன்’ என்று கையில் கொடுத்தார்கள். அண்ணி குதிரையைவிட்டு இறங்கவே இல்லை. காபி ஆறிப்போய் ஆடை கட்டியது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னார்.

“இந்த வயசுலயா?” என்றார் அண்ணன், தலையை நிமிர்த்தாமல்.

அண்ணி மல்லுக்கு நிற்கவில்லை. படிக்க ஆரம்பித்தார். மதிய இடைவேளையில், மூக்குநுனியில் கண்ணாடியோடு, ஃபோனில். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம், அதற்குள் எல்லாம் அடங்கவேண்டும். பிராசசரில் கொஞ்சம் இறங்கிவந்தால் கிராபிக்ஸ் கார்டில் கொஞ்சம் ஏறலாம். கார்டின் நீளம் கேபினட்டுக்குள் கொள்ளவேண்டும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. மெமரியில் புதுவகை விலை கூட, பழைய வகையே இந்த விளையாட்டுக்குத் தாராளம். ஆனால் பழைய வகைக்கு ஏற்ற மதர்போர்டைத்தான் வாங்கவேண்டும். இரண்டு வகை மெமரிக்கும் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது, வேறு வேறு இடத்தில். ஒன்றின் போர்டில் மற்றது தலைகீழாக நின்றாலும் உட்காராது.

[இந்த இடத்தில் கல்யாணப் பொருத்தத்தை இழுத்துக்கொண்டுவரக் கை துறுதுறுத்தது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது. அடித்தாயிற்று.]

3

பெட்டிகளைத் தூக்க ஆள் வேண்டும் என்று அண்ணிதான் அண்ணனைக் கடைக்குக் கூப்பிட்டார். அங்கே பிடித்தது வினை.

“சொல்லுங்க சார். பையனுக்கா?” என்று கடைக்காரர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

“எனக்கு” என்றார் அண்ணி.

கடைக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை ஒன்று ‘நான் ரயில் ஓட்டப்போறேன்’ என்றால் நாம் சிரிப்போமே, அது. (கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபம்.)

அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னார். பெட்டிகள் வந்து மேசைமேல் உட்கார்ந்தன. போர்டு வரும்போது கடைக்காரர் வேறொன்றை எடுத்துவந்தார்.

“நீங்க கேட்டது ஸ்டாக் இல்ல சார். இதுவும் அதே பேர்தான், கடைசி எழுத்து மட்டும் வேற. அதைவிட நல்லது.”

“இதுல நான் கேட்ட மெமரி சேருமா?” என்றார் அண்ணி.

“எல்லாம் சேரும் சார்.”

“அந்தக் கடைசி எழுத்து எதுக்குன்னு பெட்டியைப் பாத்துச் சொல்லுங்க.”

“மேடம் ரொம்ப யோசிக்கிறாங்க சார். தினமும் இதைத்தானே விக்கிறோம்?”

அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். “அவருக்குத் தெரியாதா? விடு, பில்லைப் போடட்டும்.”

பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி பைக்குள் போய்விட்டது.

* ‘ஏன் அங்கேயே பிடித்து உலுக்கவில்லை?’ என்று கேட்பீர்கள். நாம் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் பதில் சொல்லப்படும்போது என்ன செய்வது? திரும்பக் கேட்டால் நச்சரிப்பு. கேட்காமல் விட்டால், பிறகு எல்லாம் கெட்டுப்போனதும், கவனக்குறைவு. இரண்டில் எது வேண்டும் என்று அண்ணி யோசித்து முடிப்பதற்குள் அண்ணன் பணத்தை எடுத்து நீட்டிவிட்டார். அதுவும் அண்ணியின் பணம்.

4

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, துணி விரித்து, அண்ணி வேலையை ஆரம்பித்தார். பிராசசர் பூப்போல உட்கார்ந்தது. மெமரி உட்காரவில்லை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல. வெட்டு இருக்கும் இடம் வேறு.

“போர்டு வேற. நான் கேட்டது இது இல்ல” என்றார்.

“அழுத்திப் பாரேன்” என்றார் அண்ணன்.

“அழுத்தினா உடையும்.”

“அப்ப நீதான் தப்பாச் சொல்லியிருப்ப.”

அண்ணி வாயெடுப்பதற்குள் அண்ணன் கடைக்கு ஃபோன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் கடைக்காரரின் குரல் வந்தது: “மேடம் கேட்டதைத்தான் சார் குடுத்தோம். அவங்களுக்குச் சரியாப் புரியல. பிரிச்ச பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டோம்.”

“சாரிங்க. அவ தெரியாம வாங்கிட்டா. ஏதாவது பாத்துப் பண்ணுங்க” என்றார் அண்ணன்.

அண்ணி மெமரியை அதன் உறைக்குள் மெதுவாகத் திரும்ப வைத்தார். அவர் கை நடுங்கியது என்று எழுதினேன். பொய். நடுங்கியிருந்தால் மெமரியில் கீறல் விழுந்திருக்கும். அதற்கு அவர் இடம் கொடுக்கமாட்டார்.

அண்ணியிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. “நாளைக்கு லீவு போட்டுட்டு என்கூடக் கடைக்கு வா. நீ ஒண்ணும் பேசவேணாம். பக்கத்துல நில்லு, போதும்.”

அண்ணனை வில்லனாக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. அண்ணிக்கு முதல் ஷிஃப்ட் என்றால் காபி போட்டு, சீருடையை இஸ்திரி போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைக்கிற மனிதர் அவர். அண்ணிமேல் பிரியம் இல்லாமல் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. கொடுமைக்காரன் என்றால் ஒரே வரியில் முடித்துவிடலாமே.

5

கடையில் அன்று கூட்டம். அண்ணி போர்டையும் மெமரியையும் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

“இதை நீங்களே மாட்டிக் குடுங்க.”

“மேடம், நேத்தே சார்கிட்ட சொல்லிட்டேனே.”

“என்கிட்ட சொல்லல. சேரும்னு சொன்னீங்கல்ல, மாட்டுங்க.”

தொல்லை விட்டால் போதும் என்று அவர் எடுத்தார். ஒரு பக்கமாக வைத்தார், உட்காரவில்லை. திருப்பி வைத்தார், உட்காரவில்லை. ஊதிவிட்டு மறுபடி வைத்தார். நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். கட்டைவிரலை வைத்து அவர் அழுத்தப்போனபோது அண்ணி அந்த எக்ஸ்ரே அறைக் குரலில், “அழுத்தாதீங்க. அப்படியே இருங்க” என்றார்.

கை நின்றுவிட்டது. மூச்சும் நின்றிருக்கும்.

கடைக்காரர் பெட்டியைத் திருப்பி அந்தக் கடைசி எழுத்தைப் படித்தார். காது சிவந்தது. “ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சோம்” என்றார், மேசையைப் பார்த்து.

சரியான போர்டு உள்ளேயிருந்து வந்தது. ஸ்டாக் இல்லாதது எப்படி முளைத்தது என்பதைக் கதாசிரியராக நான் விளக்கவேண்டும். அவரே விளக்கவில்லை, நான் எதற்கு?

அண்ணி நகரவில்லை. “எனக்குப் புரியலன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்கல்ல. யாருக்குப் புரியலன்னு இப்ப ஃபோன் பண்ணிச் சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். ஃபோன் போட்டார். அண்ணி ஸ்பீக்கரைக் காட்டினார், அதையும் போட்டார்.

“சார்... போர்டு மாறிடுச்சு. எங்க தப்புதான். சாரி சார்.”

என் அண்ணனின் பெருந்தன்மையான குரல் கடை முழுக்கக் கேட்டது: “அட, பரவாயில்லீங்க. விடுங்க, அதனால என்ன.”

நேற்று அண்ணிக்காக மன்னிப்புக் கேட்டவர், இன்று அண்ணிக்காக மன்னித்தும் விட்டார். இரண்டு தடவையும் அண்ணி ஃபோனுக்குப் பக்கத்திலேயேதான் நின்றார்.

அண்ணி எட்டி ஃபோனை வாங்கினார். “பரவாயில்லன்னு நான் சொல்லல” என்றார். வைத்துவிட்டார்.

அப்போதுதான் கடைக்காரர் முதல்தடவையாக அண்ணியின் முகத்தைப் பார்த்தார். “சாரி மேடம்.”

“சரி. பையில போடுங்க.”

6

முடிவுகள்.

ஆசிரியருக்குப் பிடித்தது: அண்ணன் மனம் திருந்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறார். ‘இருவரும் ஒரே திரையைப் பார்த்தபடி —’ இதற்குமேல் எழுத என் பேனாவுக்கே வெட்கம்.

கோபத்தில் நான் எழுதியது: அண்ணி பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். அதை அவரிடமே படித்துக்காட்டினேன். “நான் எதுக்குப் போகணும்? கம்ப்யூட்டர் இங்கதானே இருக்கு” என்றார்.

நடந்தது இது. மத்தியானமே எல்லாவற்றையும் மாட்டி முடித்தோம். மாட்டியது அவர், திருகாணி பொறுக்கியது நான். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்று திரை வெளிச்சமாயிற்று. அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குதிரை வந்தது. வேலை முடிந்து வந்த அண்ணன் வாசற்படியில் நின்று கொஞ்சநேரம் பார்த்தார்.

“நான் என்ன தப்புப் பண்ணேன்? உனக்காகத்தானே பேசினேன்?” என்றார்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அண்ணி நாற்காலியைத் திருப்பி, அவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு “எனக்கு இது புரியல” என்று சொல்லி உள்ளே போனார். அண்ணி கோட்டையை நோக்கிக் குதிரையைத் தட்டிவிட்டார்.

அண்ணி சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. எழுதமாட்டேன். உங்களுக்கு வேண்டுமானால் உங்கள் வீட்டுப் பெண்கள் யாரையாவது கேட்டுப்பாருங்கள், சரியாகவே சொல்வார்கள். நான் எழுதாததற்குக் காரணம் நீங்கள் இல்லை. என் கதை எது வந்தாலும் அண்ணன் படிப்பார், கடைசிப் பக்கத்தை முதலில் எடுத்து. விஷயம் என்னவென்று அங்கே தெரிந்துவிட்டால் மீதியைத் தொடமாட்டார்.

அண்ணா, பதில் இந்தப் பக்கத்துல இல்ல. முதல்லேர்ந்து படி. கடைக்குள்ள நுழையிற இடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவாப் போ.