இறக்கையின் இடுக்கு

முறுக்கினேனா? முறுக்கித்தான் இருப்பேன். முறுக்காமல் எப்படி எழுந்து வந்திருப்பேன்? ஆனால் கைக்கு அது நினைவில்லையே. மற்ற ஏழு நட்டுகளை முறுக்கியது கைக்கு நினைவிருக்கிறது. ஸ்பானர் ‘டக்’ என்று சொல்லும்வரை இழுத்தது, தோள்பட்டை கடுத்தது, எல்லாம். இடது இறக்கையின் பின்பக்க நட்டு மட்டும் வெறும் இருட்டாக இருக்கிறது.

தம்பி தகட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தான். ஒரு சாண் அகலமுள்ள நீண்ட அலுமினியத் தகடு, ஓரமெல்லாம் கறுப்பு ரப்பர். விமானத்தின் இறக்கை அதன் உடம்போடு சேரும் இடத்து இடுக்கை மூடுவதற்கானது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை மூன்றரை வருடம் கார் ஷெட்டில் பூட்டிப் பூட்டி அக்காவும் தம்பியுமாகக் கட்டிய அந்த விமானம், இப்போது ஓடுதளத்தை ஒட்டிய வாடகைக் கொட்டகையில் வெள்ளைப் பெயின்ட் மணக்க நின்றது. நாளைக் காலை அவன் அதில் முதல்முறையாக, தனியாக, மேலே போகப்போகிறான்.

“அக்கா, அந்த முனையைப் பிடிச்சுக்கோ. இருபத்திரண்டு ஸ்க்ரூ. அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்.”

“பறந்து இறங்கினப்புறம் மூடிக்கலாமேடா. உள்ள எங்கயாவது கசியுதா, அசைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு.”

“கையேட்டுல ரெண்டு மாதிரியும் செய்யலாம்னுதான் போட்டிருக்கு. திறந்து வெச்சா காத்து உள்ள புகுந்து ஆட்டும். நாளைக்கு ஃப்ளையிங் கிளப்புல இருந்து பத்து பேர் போட்டோ எடுக்க வர்றாங்க. முன்பல்லு விழுந்த மாதிரி இளிச்சிட்டு நிக்கணுமா? உனக்குத் தெரியாத பல்லா?”

அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். கை சிறியது. யார் கையும் நுழையாத இடங்களில் எல்லாம் நட்டுப் பூட்டியது அவள்தான். ‘எலிக்கை’ என்பான் தம்பி.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி சிரித்தாள். “அண்ணி சொன்னா கேளுங்க. அவங்க முறுக்கினதுன்னுதான் நான் நிம்மதியா தூங்கறேன். நீங்க முறுக்கின தண்ணிக் குழாய் இன்னும் ஒழுகிட்டே இருக்கு.”

டீ வாங்க பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள். அந்த நிம்மதி தன் மடியில் கனமாக வந்து விழுந்தாற்போல இருந்தது அக்காவுக்கு.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். நட்டை முறுக்கியவர் அதன்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுக்க வேண்டும். கோடு விழுந்தால் வேலை முடிந்தது, மறுபடி யாரும் தொடுவதில்லை. இறக்கையைப் பூட்டிய அன்று மஞ்சள் பெயின்ட் டியூபின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அதுவும் காய்ந்துகொண்டிருந்தது. வீணாக வேண்டாமென்று எட்டு நட்டிலும் முதலிலேயே கோட்டை இழுத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக முறுக்கினாள். நட்டு திரும்பத் திரும்ப அதன் ஈரக்கோடு இழுபட்டுக் கோணியது. நடுவில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து எதிலிருந்து தொடர்ந்தாள்? மறுநாள் அந்த இடத்துக்குக் குறுக்கே பெட்ரோல் குழாய் வந்து, ஸ்பானர் போகும் வழியை அடைத்துவிட்டது.

இத்தனை நாள் வராத சந்தேகம், மூடப்போகிறோம் என்றதும்தான் வந்தது. மூடிவிட்டால் தனக்கே அது தெரியாமல் போய்விடும் என்பதில் ஒரு ஆறுதலும் இருந்ததைக் கவனித்து, அவள் தன்னைப் பார்த்தே பயந்தாள்.

“ஒரு நிமிஷம்,” என்று பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். “பின்பக்க நட்டைப் பாரு.”

அவன் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, கண்ணாடியைக் குழாய்க்கு அடியில் செருகினான். பிறகு டார்ச்சைக் கையில் எடுத்துச் சிரித்தான்.

“அட, மத்ததெல்லாம் குழந்தை கிறுக்கின மாதிரி கோணலா இருக்கு. இது ஒண்ணுதான் ஸ்கேல் வெச்ச மாதிரி உருப்படியா இழுத்திருக்கே!”

நேரான கோடு. திரும்பாத நட்டு.

“அது நல்லதில்லடா,” என்றாள். டியூபையும் ஈரக்கோட்டையும் போனையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது.

அவன் இறக்கையின் நுனியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தான். அது அசையவில்லை. அதுவே அவனுக்குப் போதுமென்று தோன்றியிருக்க வேண்டும்.

“கையால இறுக்கியிருப்பேல்ல?”

“இருப்பேன்.”

“அப்புறம் என்ன! அதைத் தொடணும்னா டேங்கைக் காலி பண்ணணும், குழாயைக் கழட்டணும், இன்ஸ்பெக்டர் திரும்ப வந்து கையெழுத்துப் போடணும். நாளைக்கு மத்தியானத்துல இருந்து ஒரு வாரம் மழைங்கறாங்க. காலைல மட்டும்தான் வானம் தெளிவா இருக்குமாம். பத்தே நிமிஷம்க்கா. ஒரு சுத்து. இறங்கினதும் நானே கழட்டறேன், உன்மேல சத்தியம்.”

“என்மேல வைக்காதே.”

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. பயந்துருவா.” தகட்டை இடுக்கின்மேல் பொருத்தினான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூக்களை எண்ணினான். அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறான். “ஒத்தை ஆளா முடியாது. பிடி. நீ பிடிச்சா எனக்குத் தைரியமா இருக்கும்.”

பிடித்தால் அவன் நம்பிவிடுவான். அவளும்கூட நம்பிவிடுவாள். சின்ன வயதிலிருந்து அவன் கேட்டு அவள் கொடுக்காதது எதுவுமில்லை.

வெளியே சரளைக்கல்லில் செருப்புச் சத்தம் நெருங்கியது. “சீக்கிரம்க்கா,” என்றான் கிசுகிசுப்பாக. தகட்டின் மறுமுனை அவள் பக்கம் தொங்கி ஆடியது.

அவள் கைகளை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“நான் பிடிக்கமாட்டேன்டா.”