இறந்தவர் பட்டியலில் பொன்னியம்மா

செத்துப்போனதாக நான் எழுதிய பொன்னியம்மா, காலிக் கீரைக்கூடையோடு என் அங்கன்வாடி வாசலில் வந்து நின்றார். கூடவே ஷோபனா. தேர்தலைக் கண்காணிக்கிறோம் என்று காட்டுப்பாக்கத்தில் கிளம்பியிருக்கும் நாலு பேரில் ஒருத்தி. அவள் கையில், வாக்காளர் பட்டியலிலிருந்து நான் நீக்கச்சொன்ன பெயர்கள், பக்கம் பக்கமாகச் சிவப்பு மையோடு. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கிறேன், எடை பார்க்கிறேன், அதோடு வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலையையும் தலையில் கட்டியதால், ஆயிரத்துச் சொச்சம் பேருக்காகத் தெருத்தெருவாக அலைகிறேன். இதில் என் தப்பைப் பொறுக்க ஒரு கூட்டம் வேறு!

"இன்னா டீச்சர், நான் செத்துட்டனாமே? பாத்தா அப்டியா கீது?"

அவர் வீட்டுக்கு மூன்று தடவை போனேன், பூட்டியிருந்தது. அவர் விடியும்போதே கீரை விற்கப் பூந்தமல்லிக்குப் போய்விடுவாராம். முனைக் கடைக்காரரிடம் கேட்டேன். "பொன்னியம்மாவா? அது செத்து ஆறு மாசமாச்சே" என்றார். எழுதிக்கொண்டேன். செத்தது அதே தெருவில் இருந்த இன்னொரு பொன்னியம்மா.

ஷோபனா குரலைத் தாழ்த்தினாள். "பேர் சேர்க்க இன்னும் மூணு நாள்தான் டீச்சர் இருக்கு. புது வாக்காளர்னு படிவம் குடுத்துடலாம். உங்க பேரு வெளிய வராது."

அப்பாடா என்றிருந்தது. அவள் மேல் இருந்த கோபம்கூட இறங்கிவிட்டது. ஆனால் ஷோபனா நீட்டிய பேனாவைப் பொன்னியம்மா தள்ளிவிட்டார்.

"நான் இன்னா புதுசா? வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து ஓட்டு போட்டுகினு கீறேன். தப்பா எழுதுனது நீதான? அத்த நீயே எழுதிக் குடு, அப்பால கையெழுத்து போடறேன்."

சரியாக விசாரிக்காமல் எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டால் மெமோ நிச்சயம். பதினெட்டு வருட வேலையில் ஒரு கெட்ட பெயர் கிடையாது. மழுப்பிப் பார்த்தேன். அவர் கூடையைக் கீழே வைத்து, பிள்ளைகளின் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுத்தேன்.

அன்றே மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனோம். வாக்காளர் பதிவு அலுவலர் என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"மெமோ வரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

படிவத்தோடு என் கடிதத்தையும் சேர்த்துப் பின் அடித்தார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பொன்னியம்மா கையெழுத்துப் போட்டார். அலுவலர் என்னை விடவில்லை. "இதே மாதிரி அக்கம்பக்கம் கேட்டு மட்டும் எழுதினது இன்னும் எத்தனைம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பதினொண்ணு சார்" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷோபனாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அந்தப் பதினொன்றில் முதல் பெயர் அப்பாவு, வயது எழுபத்தொன்று, இறந்தவர். தகரக் கதவு. இதுவும் என் தப்பாகவே இருக்கட்டும் கடவுளே என்று மனசு அடித்துக்கொண்டது. தட்டினேன். சத்தமே இல்லை. ஷோபனா என்னைப் பார்த்தாள். பலமாக இன்னொரு தடவை தட்டினேன்.

உள்ளே யாரோ இருமினார்கள். பிறகு செருப்பைத் தேய்த்துக்கொண்டு, மெதுவாக, கதவை நோக்கி நடந்து வரும் சத்தம்.