தியாஜ்யம்

டாக்டர் முத்துலிங்கம் குடையை மடக்கிச் சுவரில் சாத்துவதற்குள் அழகம்மை பிணத்தருகிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். புருஷன் கிடக்கும்போது பெண்சாதி வாசலுக்கு வருவதைக் கண்டு, பெஞ்சியில் இருந்த தலவாக்கலைக் கடைத்தெருக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“அவரு எதனால போனாருங்க?”

“டைபோயிட், அம்மா. கடைசியிலை பெர்ஃபொரேஷன்.” டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

“அப்படின்னா?”

“அது உங்களுக்கு விளங்காது.”

அவர் பிணத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அழகம்மை கதவோரம் நின்றாள்.

விளங்காததை விளங்க வைப்பதுதான் உள்ளே செத்துக் கிடந்த சிதம்பரநாதனின் பிழைப்பு. பல் வைத்தியர், கண்ணாடிக்காரர், வழக்குப் பேசும் புரொக்டர் என்று யார் கேட்டாலும் நோட்டீசு எழுதிக் கொடுப்பார். டயகமத் தோட்டத்து லயங்களில் யாராவது ஒருவர் அதை உரக்கப் படித்தால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். ஊருக்கெல்லாம் சொன்னவர் வீட்டில் பேசமாட்டார். எழுதிய ஒரு வரியையும் அவளுக்குப் படித்துக் காட்டியதில்லை. வாய் திறந்தால் அது சோற்றுக்காக இருக்கும்.

வாசலில் பேச்சு மறுபடி தொடங்கியது.

“‘வலிக்கும். ஒரு தடவைதான்.’ பல்லு டாக்டருக்கு எழுதுனாரு பாருங்க, அத நம்பிப் போயி எனக்கு ரெண்டு பல்லு போச்சு,” என்றான் மூக்கன்.

“ரெண்டும் சொத்தையா?”

“ஒண்ணுதான்.”

சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். அச்சுக்கூடத்து நாகரத்தினம் டாக்டர் போன பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“இந்த ஐயாவுக்கும் எழுதுனாருய்யா, காய்ச்சலுக்கு. கூலிப் பாஷைன்னு திருப்பி விட்டுட்டாரு. அப்புறம் ஒரு பண்டிதர வச்சு எழுதிக்கிட்டாரு.”

“நம்மாளு என்ன எழுதுனாரு?”

“‘காய்ச்சல் விட்டதும் பசிக்கும். கெஞ்சினாலும் சோறு குடுக்காத. குடல் ஓட்டையாயிரும்.’ அவ்வளவுதான்.”

கதவோரத்தில் அழகம்மைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

பண்டிதர் எழுதியது மருந்துப் போத்தலோடு அவள் கைக்கு வந்திருந்தது. ‘சுரம் தணிந்த பின்னும் திட ஆகாரம் தியாஜ்யம்.’ எழுத்துக்கூட்டிப் படித்தாள். பண்டிதருக்குத் தியாஜ்யம் என்றால் விலக்கு; அவளுக்குத் தெரிந்த தியாஜ்யம் வேறு. பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் போட்டிருக்கும் ஆகாத நாழிகை. காய்ச்சல் இறங்கிய அன்று அவர் பசிக்கிறது, சோறு போடு என்று அழுதார். அந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். அந்த நாழிகை கழியட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழிந்ததும் குழையப் பிசைந்து ஊட்டினாள். இன்னொரு வாய் கேட்டார். கொடுத்தாள். விடிவதற்குள் வயிறு பலகையாகிவிட்டது.

காய்ச்சலுக்கு முதலில் எழுதிய அவருக்குத் தெரியும், சோறு ஆகாதென்று. தெரிந்தும் கேட்டிருக்கிறார். பசிக்கு முன்னால் அவர் எழுத்து அவருக்கே விளங்கவில்லை போலிருக்கிறது.

“மதினி, இங்கன வாங்க. தூக்கப் போறாங்க,” என்று நாத்தனார் சீதாலெட்சுமி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். “கடசியா ஏதாச்சும் சாப்பிட்டாரா எங்கண்ணன்?”

அழகம்மை பிணத்தருகில் போய் உட்கார்ந்தாள்.

“வெறும் வயித்தோடயா போனாரு? பாவி டாக்டரு, கஞ்சித் தண்ணியிலயே கொன்னுட்டானே!” சீதாலெட்சுமி ஒப்பாரியாக இழுத்தாள். பெண்களும் சேர்ந்து அழுதார்கள்.

அழகம்மையின் கையில் யாரோ வாய்க்கரிசியை வைத்தார்கள். அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

“போடுங்க மதினி. பசியோட போகக் கூடாது.”

கை திறக்கவில்லை. வெளியே மழைக்கு முன்னால் கிளம்ப வேண்டுமென்று ஆண்கள் அவசரப்படுத்தினார்கள். சீதாலெட்சுமி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பிணத்தின் முகத்துக்கு மேல் கொண்டுபோய், மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். அரிசி சிதறிக் கன்னத்திலும் கழுத்திலும் உருண்டது. சீதாலெட்சுமி அதைப் பொறுக்கியெடுத்து, ஒன்றும் வீணாகாமல், விரலால் அண்ணனின் உதடுகளுக்குள் தள்ளினாள்.