பேட்டரி கழற்றாமல் கை வைக்கமாட்டேன்

தனக்கோடியின் முகத்தில் ஏர்பேக் வெடித்த பிறகு கடை சில நாள் மூடிக் கிடந்தது. மறுபடி திறந்த அன்று காலை, கோலார் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிய கிரேஸ், ஸ்டேஷனிலிருந்து கடை இருக்கும் ஒக்கலிபுரம் வரை நடக்கும்போதே ஒரு முடிவோடுதான் நடந்தாள்.

கார்களுக்கு உள்வேலை செய்யும் கடை அது. சீட்டுக்குப் புது உறை, தரைக்கு மேட், கதவோரத்தில் கலர் விளக்கு என்று கேட்டதையெல்லாம் போட்டுக் கொடுப்பார்கள். சுந்தரமூர்த்தி ஓனர். வேலைக்கு கிரேஸ், சுனில், தனக்கோடி. கிரேஸ் தையல் மெஷினில் உட்கார்ந்து உறையைத் தைப்பாள். தைத்ததைத் தானே வண்டியில் மாட்டவும் செய்வாள். சீட்டைக் கழற்றுவது, தூக்குவது, திரும்பப் பூட்டுவது எதிலும் அவள் சளைத்தவள் இல்லை.

விபத்து நடந்த அன்று தனக்கோடி ஸ்டீரிங்குக்குக் கீழே தலையை விட்டு, புது விளக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். வண்டி ஆனில் இருந்தது. கரண்டு வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டரின் முனை ஏர்பேக்குக்குப் போகும் ஒரு மஞ்சள் ஒயரில் பட்டது. அவ்வளவுதான். கடை முழுக்க அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். வண்டிக்குள் வெள்ளைப் புகை. கிரேஸும் சுனிலும் கதவைத் திறந்து அவனை வெளியே இழுத்தபோது அவன் முகத்தில் எது கண், எது மூக்கு என்று தெரியவில்லை. தாடை உடைந்துபோயிற்று. வலது கண்ணில் இனி பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தனக்கோடியின் மனைவி வீணாவிடம் சுந்தரமூர்த்தி சொன்னது கிரேஸின் காதில் விழுந்தது. "இன்னாமா பண்றது, அஜாக்கிரதையா இருந்துட்டான்."

கிரேஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று காலை தனக்கோடி, "பேட்டரி கழட்டிடவா அண்ணா?" என்று கேட்டான். "கிராக்கி நிக்கிறாரு, அதுக்கெல்லாம் டைம் இல்ல, அப்டியே பண்ணு" என்று சொன்னவர் இதே சுந்தரமூர்த்திதான். இரண்டையும் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி அவள் கேட்டிருந்தாள். வீணாவுக்கு முன்னால் அப்போது வாய் வரவில்லை. வராமல் போனதே அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

மறுபடி கடை திறந்த அன்று வந்த முதல் வண்டி சஞ்சய் என்பவருடையது. சாயங்காலம் தங்கையின் நிச்சயதார்த்தம். அதற்குள் முன்சீட் இரண்டுக்கும் புது லெதர் உறை போட்டாக வேண்டும். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கிரேஸ் நேராகப் போய் பானெட்டைத் திறந்து நிறுத்தினாள். பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.

"ஏய் கிரேசு, அங்க இன்னா?" என்று சுந்தரமூர்த்தி கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார்.

"பேட்டரி கழட்டுறேன் அண்ணா."

சஞ்சய் தலையைத் தூக்கினார். "பேட்டரியா? வேணாம், வேணாம். போன தடவை கழட்டினதுக்கு டாஷ்போர்டு ஸ்க்ரீன் எல்லாம் லாக் ஆகி வண்டி ரெண்டு நாள் சர்வீஸ்ல நின்னுச்சு. இன்னைக்கு அந்த மாதிரி ஆச்சுன்னா என் கதி அவ்ளோதான்."

"கேட்டுக்கினியா?" என்றார் சுந்தரமூர்த்தி. "பானெட்ட மூடிட்டு சீட்ட இறக்கு. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"மூடமாட்டேன். பேட்டரி கழட்டாத வண்டில நான் கை வைக்கமாட்டேன்."

சுனில் சீட் போல்ட்டைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். இந்தக் கடையில் ஓனரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கிரேஸுமே பேசியதில்லை.

சுந்தரமூர்த்தி எழுந்து வந்தார். கிராக்கி சஞ்சய் முன்னால் சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி தாழ்ந்த குரலில் சொன்னார். "சீட்டு வேலைக்குப் போய் இன்னாமா பயம்? இது ஸ்டீரிங்கா?"

"சீட்லயும் இருக்குது அண்ணா. ஓரத்துல பாருங்க, சின்னதா பட்டி தெச்சிருக்கான், ஏர்பேக்னு. கீழ போற மஞ்சள் ஒயர் அதுக்குத்தான் போகுது. உள்ள இருக்கிறது காத்து இல்ல, வேட்டு மருந்து. எங்க ஊர்ல மைன்ஸ்ல மருந்து வெச்ச இடத்துல யாரும் பாட்டு போட்டுக்கினு வேலை செய்யமாட்டாங்க."

"அதிகம் பேசாத. உன்னால முடியலன்னா வீட்டுக்குப் போ. நானே பண்றேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து சீட்டு கழட்டுறவன் நான்."

அது பொய்யில்லை. கடை வைப்பதற்கு முன் அவரும் இதே வேலையைத்தான் செய்தார், நன்றாகவும் செய்தார். அந்தக் காலத்து வண்டிகளின் சீட்டில் பஞ்சும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் இருந்தன. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, சுனில் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு, திறந்த கதவு வழியாக உள்ளே குனிந்தார். போல்ட்டுகளைச் சரசரவென்று கழற்றினார். சீட்டைப் பின்னால் சாய்த்து, அடியில் கையை நீட்டி ஒயர்களைத் தேடினார். அவருடைய முகம் சீட்டின் ஓரத்தை ஒட்டியே இருந்தது. வண்டி இன்னும் ஆனில்தான் இருந்தது. பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்மேல் கிரேஸுக்கு இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் அந்த முகத்தை அந்த இடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவளால் முடியாது. மறுபக்கக் கதவு வழியாக எட்டி, சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். ஓடி வந்து பேட்டரியின் மைனஸ் பக்கத்து நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருகி, கேபிளைப் பிடுங்கித் தள்ளி ஒதுக்கி வைத்தாள்.

"யாருடி உன்ன கழட்டச் சொன்னது?" என்று சுந்தரமூர்த்தி உள்ளிருந்தே கத்தினார்.

"யாரும் சொல்லல. நானேதான் கழட்டினேன். இப்ப கைய எடுத்துட்டு வெளிய வாங்க அண்ணா. கேபிள எடுத்துட்டாலும் உள்ள இருக்கிற ஏர்பேக் டப்பால கரண்டு கொஞ்ச நேரம் நிக்கும். அது வடியட்டும்."

"இன்னியோட உனக்கு வேலை இல்ல!"

"இல்லாட்டி போகுது. வெளிய வாங்க."

சஞ்சய் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். "என்னம்மா இது, வேணாம்னு சொன்னேன் இல்ல? ஸ்க்ரீன் போச்சுன்னா யார் பொறுப்பு?"

"ஸ்க்ரீனுக்கு நான் பொறுப்பு சார்" என்றாள் கிரேஸ். "எங்க மூஞ்சிக்கு யார் பொறுப்பு, அத சொல்லுங்க. இதே இடத்துல எங்க தனக்கோடிக்கு ஒரு கண்ணு போச்சு. இப்ப ஸ்ட்ரால கஞ்சி குடிக்கிறான். பேட்டரி கழட்டவான்னு கேட்டான் சார் அவன். வேணாம்னு சொன்னது இவரு. அப்புறம் ஆஸ்பத்திரில அவன் பொண்டாட்டிகிட்ட போய், அவன் அஜாக்கிரதைன்னு சொன்னதும் இவரு."

சுந்தரமூர்த்தி வண்டிக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தார். சுனில் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அது என் காதுலயும் விழுந்துச்சு அண்ணா. நானும் அன்னைக்கு இங்கதான் இருந்தேன். இனிமே கழட்டாம நானும் உள்ள போகமாட்டேன்."

சஞ்சய் சாய்ந்து கிடந்த சீட்டின் ஓரத்திலிருந்த பட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். "எவ்ளோ நேரம் நிக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சார்."

அவர் போனார். சுந்தரமூர்த்தி கல்லாவில் போய் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டார். கிரேஸும் சுனிலும் போதுமான நேரம் காத்திருந்து, பிறகு சீட்டை இறக்கினார்கள். கிரேஸ் ஏர்பேக் விரியும் பக்கத்தில் தையலை இறுக்காமல், அதற்கென்று வரும், எளிதில் அறுந்து வழிவிடும் மெல்லிய நூலால் தைத்து உறையை மாட்டினாள். எல்லாம் பூட்டிய பிறகே கேபிளைப் போட்டாள். கடிகாரம் தப்பு நேரம் காட்டியது, ரேடியோ ஸ்டேஷன்கள் அழிந்திருந்தன. ஸ்க்ரீன் ஒழுங்காக எரிந்தது. சஞ்சய் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவள் ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பதித்துக் கொடுத்தாள். அவர் நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் கிளம்பிப் போனார்.

மறுநாள் கிரேஸ் வழக்கமான ரயிலிலேயே வந்தாள். வேலை இல்லை என்று சொன்னவர் கல்லாவில் இருந்தார். அவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, நின்றிருந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. கேபிள் கழன்ற பிறகு எழுந்து பக்கத்தில் வந்தார்.

"சரி, பேட்டரி விஷயம் நீ சொன்னபடியே நடக்கட்டும். ஆனா அந்தத் தனக்கோடி பேச்ச கிராக்கிங்க முன்னாடி எடுக்காத. கடை பேரு கெட்டுப்போகும்."

கிரேஸ் ஸ்பேனரைத் துடைத்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுப்பேன் அண்ணா. நீங்க வீணாகிட்ட போய், அவன் கேட்டான், நான்தான் வேணாம்னு சொன்னேன்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் எடுப்பேன். வர்ற ஒவ்வொரு வண்டிகிட்டயும் எடுப்பேன்."

வெளியே ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. கிரேஸ் வாசலுக்குப் போய், டிரைவர் இறங்குவதற்கு முன்பே சொன்னாள்.

"வாங்க சார். முதல்ல சாவிய ஆஃப் பண்ணுங்க. ஏன்னு சொல்றேன், கேளுங்க."