வால்நட்சத்திரத்துக்கு ஒரு தகரக் கூடு

"மேடம்! அந்தப் பீரங்கிய எங்காத்துப் பக்கம் திருப்பாதேள்னு எத்தனை தரம் சொல்றது?"

மாடியிலிருந்து பட்டாபியின் குரல் பின்முற்றத்தில் வந்து விழுந்தது. இந்திராணி நிமிர்ந்து பார்க்கவில்லை. தொலைநோக்கியின் குழாயைத் தோளில் சாய்த்து இரும்புத் தாங்கியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நாலு வயதுத் தோள், விண்ணென்று தெறித்தது.

"உங்க வீட்டுல பாக்கதுக்கு என்ன இருக்கு, பட்டாபி சார்? ஈரத்துண்டும் அஸ்பெஸ்டாஸும். நான் வானத்தைப் பாக்குதேன்."

"வானம் எங்க மாடிக்கு மேலதானே இருக்கு!"

"அப்ப அதுக்கும் சேத்து நீங்களே வாடகை கட்டுங்க. அந்த பல்பை மட்டும் ஒரு மணி நேரம் அணைச்சு வைங்க."

"அணைக்க மாட்டேன். என் பல்பு, என் கரண்ட்டு."

தலைநகரின் லோதி ரோட்டில் அரசுக் குடியிருப்பு. கீழ்வீட்டுக்காரர்களுக்குப் பின்னால் ஒரு துண்டு முற்றம் உண்டு, மாடிவீட்டுக்காரர்களுக்கு ஒரு பால்கனி. பட்டாபி தன் பால்கனியைச் சுற்றி அஸ்பெஸ்டாஸ் தகடு அடித்து ஓர் அறையாக்கிக்கொண்டு ஆறு வருஷமாகிறது. அவர் மனைவி அனந்தலக்ஷ்மி அதற்குள்தான் தையல் மெஷின் போட்டிருந்தாள். உள்ளே ஒரு அறையில் பட்டாபியின் படுத்த படுக்கையான அப்பா, இன்னொன்றில் மற்ற எல்லாரும். ஆபீஸ் போகும் பெண்கள் மாலையில் ரவிக்கைத் துணி கொண்டுவந்து கொடுக்க, மெஷின் ராச்சாப்பாடு வரைக்கும் கடகடக்கும். இருநூறு வாட் பல்பும் அதுவரைக்கும் எரியும். தகட்டுக்கு அடியில் இருந்த ஒரு சாண் இடைவெளி வழியாக வெளிச்சம் பட்டையாக இறங்கி, இந்திராணியின் முற்றத்தை இரண்டாகப் பிளக்கும்.

மற்ற வருஷமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பாள். இது எண்பத்தைந்து. ஹாலி வால்நட்சத்திரம் வருகிறது. எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை. இந்த முறை விட்டால் இந்திராணிக்கு அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. அதற்காகத்தான் மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, தொலைநோக்கிக்கான ஆறு அங்குலக் கண்ணாடியைத் தன் கையாலேயே பொடி போட்டுத் தேய்த்துக் குழித்திருந்தாள்.

சிக்கல் என்னவென்றால், வீட்டுக்குள் இருந்த கண்ணாடி வெளியே வந்ததும் வேலை செய்யாது. குளிருக்குப் பழக ஒரு மணி நேரம் வேண்டும். அதுவரை நட்சத்திரமெல்லாம் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளியும். ஆபீஸ் பஸ் பிடித்து வந்து, தூக்கி, பூட்டி, குளிரவைத்து முடிப்பதற்குள் மூடுபனி இறங்கிவிடும். தொலைநோக்கி வெளியிலேயே இருக்க வேண்டும். அதற்கு ஒரு கூடு வேண்டும்.

சப்பாத்தியைப் பிய்த்தபடி புருஷன் நல்லசிவம் கேட்டார், "என்ன கூடு கட்டப் போற? புறாக்கூடா?"

"மூணு இருக்கு. ஒண்ணு, தகரத்துல கும்மட்டம். சுத்துற மாதிரி."

"கோயில் கட்டுதான்னு உண்டியல் வச்சிருவானுவ."

"ரெண்டு, நாலு பக்கமும் செங்கல் சுவர் வச்சு, கூரை மட்டும் தண்டவாளத்துல நகர்ந்து போகும். பல்பு வெளிச்சமும் மறையும், காத்தும் அடிக்காது. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"மூணாவது?"

"சக்கரம் வச்ச தகரப்பெட்டி. மேல்மூடி திறக்கும்."

"பிடிச்சதைக் கட்டு. கொத்தனாரைக் கூப்பிடு, ரெண்டு நாள் வேலை. மேல இருக்கவன் எவன்கிட்டக் கேட்டுக் கட்டுனான்?"

"எழுதிக் கேட்டிருக்கேன்."

நல்லசிவத்தின் கை தட்டிலேயே நின்றது. "எழுதியா? சர்க்கார் கிட்டயா? ஏ கோட்டிக்காரி! இந்தக் காலனி பூரா ஒருத்தன் மாடு கட்டிருக்கான், ஒருத்தன் கராஜ் போட்டிருக்கான். ஒருத்தனாவது ஒரு வரி எழுதிருக்கானா?"

"இருபத்தெட்டு வருஷமா எழுத்து இல்லாம நான் ஒரு பென்சில் வாங்கினதில்ல."

உண்மைதான். மத்திய அமைச்சகம் ஒன்றில் உதவியாளர் அவள். எந்தக் கோப்பிலும் மூன்று யோசனை எழுதி, ஒவ்வொன்றின் சாதக பாதகம் போட்டு, ‘கனிவான உத்தரவுக்காக’ என்று மேலே அனுப்புவது அவளுக்கு மூச்சு விடுவதுபோல. இதற்கும் அப்படியே எழுதியிருந்தாள். வரைபடம் இணைப்பு ஒன்று, முற்றத்தின் அளவு இணைப்பு இரண்டு. எதிர்வீடு, மேல்வீடு, திசை எல்லாம் குறித்து.

மறுவாரம் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஜூனியர் என்ஜினியர் ஒருவர் அந்தக் கடிதத்தோடு வந்தார். டேப்பை இழுத்து முற்றத்தை அளந்தார்.

"கும்மட்டம் நஹீ. சுவர் நஹீ. அஸ்திவாரம் தோண்டினா அலாட்மென்ட் கேன்சல், மேடம். சக்கரம் வச்சது என் ரூல்ல வராது. அது சாமான்." பிறகு அவள் வரைபடத்தைப் பார்த்தார். வரைபடத்திலிருந்து மாடியைப் பார்த்தார். "ஊப்பர் யே கியா ஹை? மேல என்ன அது?"

இந்திராணிக்கு அப்போதுதான் உறைத்தது. வெளிச்சம் வரும் இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தாள். அம்புக்குறிக்குப் பக்கத்தில் நுணுக்கி எழுதியிருந்தாள்: ‘மேல்வீட்டு அடைப்பு.’

அன்று சாயங்காலமே பட்டாபி நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"திருப்திதானே? பதினஞ்சு நாள்ல பிரிக்கணுமாம். இல்லேன்னா அவாளே வந்து இடிப்பாளாம். எதிர்த்தாப்பல நின்னு திட்டிட்டுப் போயிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திட்டிட்டு மறந்திருப்பேன். நீங்க சர்க்காருக்குன்னா எழுதியிருக்கேள்!"

"உங்க மேல நான் புகார் எழுதல, சார்."

"படம் போட்டு அம்பு விட்டிருக்கேள்!"

"வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு காட்டணும்ல?"

"காட்டினேளே! பேஷா காட்டினேள்! எழுதறதுக்குன்னே ஒரு பொம்மனாட்டி பொறந்து எங்காத்துக்குக் கீழயா வந்து வாய்க்கணும்?"

"குரலைத் தாழ்த்திப் பேசும் வேய்" என்று நல்லசிவம் எழுந்தார். "கேக்காம கட்டுனவருக்கு இவ்வளவு வாயா?"

"கேட்டுட்டு நீங்க என்னத்தைக் கட்டினேள்?"

நல்லசிவம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது யோசனைதான் மிஞ்சியது. பக்கத்துக் கோட்லா கடைவீதியில் ஒரு வெல்டரைப் பிடித்து, வாகாக ஆறடி உயரத்தில் பெட்டி செய்யச் சொன்னாள். பட்டை வெளிச்சம் சாய்ந்து விழும் கணக்கை நூல் பிடித்துப் பார்த்திருந்தாள். ஆறடி தாராளம். பெட்டி கைவண்டியில் வந்து இறங்கிய அதே வாரத்தில் பட்டாபியும் ஆள் வைத்துத் தகடுகளைப் பிரித்தார். ஒவ்வொரு தகட்டையும் வேண்டுமென்றே முற்றத்து ஓரமாகத் தடால் தடாலென்று போட்டார்.

"நின்னு பாருங்கோ! தொலைநோக்கி இல்லாமலே தெரியும்!"

டிசம்பர் அமாவாசை. நிலவு இல்லாத வாரம் இது ஒன்றுதான். இன்னும் பத்து நாள் போனால் நிலா வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு பனி. இந்திராணி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். காலையிலிருந்து வெளியிலேயே இருந்த கண்ணாடி குளிர்ந்து தயாராக இருந்தது. மேல்மூடியைத் தள்ளினாள்.

பெட்டிக்குள் பட்டப்பகல்.

தகடு போன பால்கனியில் பல்பு மொட்டையாகத் தொங்கியது. இடைவெளி வழியாகப் பட்டையாக வந்த வெளிச்சம் இப்போது பன்னிரண்டடி உயரத்திலிருந்து தலைகீழாகக் கொட்டியது. ஆறடிச் சுவர் என்ன செய்யும்? தகரத்தின் உட்பக்கம் வேறு பளபளவென்று அதைப் பிடித்துக் கண்ணில் அடித்தது. போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தாள். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல். இத்தனை நாள் அந்த அடைப்புதான் தனக்குப் பாதி நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது என்று நினைத்ததும், வாயெல்லாம் கசந்தது.

படியேறினாள். சண்டை போடத்தான்.

"வாங்கோ, வாங்கோ! இப்ப எதை இடிக்கணும்? சமையல்கட்டையா?" பட்டாபி வழியை மறித்தார்.

"பல்பை அணைங்க. ஒரு மணி நேரம். கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கு."

"எழுதிக் குடுங்கோ, பரிசீலிக்கறேன்!"

அவர் தோளுக்குப் பின்னால் பால்கனி தெரிந்தது. நான்கு பக்கமும் காற்று. அனந்தலக்ஷ்மி புருஷனுடைய குரங்குக் குல்லாவை மாட்டி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு மெஷினில் குனிந்திருந்தாள். விறைத்துப்போன இடதுகை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம்.

"ஊசி ஏறிடுத்து" என்றாள் அவள், நிமிராமல். "குளிர்ல விரல் எங்க இருக்குன்னே தெரியல. பாத்தாச்சோல்லியோ? போங்கோ."

இந்திராணி நின்றாள். வெளியே வானத்தில் வால்நட்சத்திரம் உச்சியிலிருந்து மேற்கே சாய்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு நிமிஷமும் போகிறது.

"மெஷினைக் கீழே எங்க முன்ரூம்ல போடுங்க. வாசல் பக்கம் ரூம், ட்யூப்லைட் இருக்கு, காத்து வராது."

"உங்க தயவுல நாங்க..." என்று பட்டாபி ஆரம்பித்தார்.

"நீங்க செத்த சும்மா இருங்கோ!" அனந்தலக்ஷ்மி குல்லாவைக் கழற்றி மெஷின்மேல் வீசினாள். "இவர் வாய் ஓயறதுக்குள்ள என் விரல் அத்தனையும் போயிடும். இதோ பாருங்கோ மாமி, வரேன். ஆனா தயவுன்னு வரல. என் இடத்தைப் பறிச்சேள், உங்க இடத்தைக் குடுக்கறேள். வாடகை தர மாட்டேன். நன்றியும் சொல்ல மாட்டேன். உங்களோட பேச மாட்டேன்."

"பேச வேண்டாம். பல்பு?"

"நான் இங்க இல்லேன்னா பல்பு எதுக்கு? இவர் மூஞ்சியைப் பாக்கவா?"

மெஷினைத் தூக்கக் கீழிருந்து நல்லசிவம் வந்தார். இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறங்கினார்கள்.

"சுவத்துல இடிக்காதேயும் ஓய்!"

"பின்னாடி நடக்கது நானு. வழியை நீரு பாரும்!"

மாடியில் பல்பு அணைந்தது. முற்றம் இருட்டில் முழுகியது. இந்திராணி தடவித் தடவிப் பெட்டிக்குள் போய், கண் பழகும்வரை பொறுத்து, குழாயைத் தெற்கே உயர்த்தி அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். நட்சத்திரம், நட்சத்திரம், வெற்றிடம். பிறகு ஒரு இடத்தில், மூச்சுக்காற்று பட்ட கண்ணாடிபோல, ஒரு மங்கல். நடுவில் கொஞ்சம் கெட்டி. வால் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அவள் குழாயை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூடுபனி வரும்வரை பார்த்தாள். உள்ளே வந்தபோது அனந்தலக்ஷ்மி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்திராணி வைத்துவிட்டுப் போன காப்பி தொடப்படாமல் ஏடு கட்டிக் கிடந்தது.

"தெரியுது" என்றாள் இந்திராணி. "வாங்க, இன்னொரு நாள் வந்து பாருங்க."

"எனக்கு ஆறு ரவிக்கை பாக்கி இருக்கு." அனந்தலக்ஷ்மி கத்திரிக்கோலை உறையில் செருகினாள். "நாளைக்கு வருவேன். குளிர் போறவரைக்கும் தினம் வருவேன்."

"வாங்க."

"நீங்க வாங்கன்னு சொல்ல வேண்டாம்" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "கதவை மட்டும் தாப்பா போடாம வைங்கோ."