நேரம் இருக்காதோ?

எங்கள் மொழியில் தைஸ்தோ என்றால் போர் என்று அர்த்தம். அப்படியொரு பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தொலைபேசியில் இந்தக் குழை குழைவதை அவருடைய மனைவி ஹில்க்காவால் சகிக்க முடியவில்லை.

“உங்களுக்குத் தொந்தரவு குடுக்கணும்னு இல்லீங்க… டாக்டர்கிட்ட இந்த வாரம் நேரம் ஏதும் இருக்காதோ?”

“இருக்காதுங்க,” என்றது மருத்துவ நிலையத்துப் பெண்ணின் குரல்.

“அதானே, எப்படி இருக்கும். ரொம்ப நன்றிங்க.”

போனை வைத்தார். ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட களை வேறு முகத்தில்.

“நீயே இருக்காதுன்னு எடுத்துக் குடுத்தா அவ வேற என்னய்யா சொல்லுவா?” என்றாள் ஹில்க்கா. “நாயைக்கூட நீ ‘குரைக்க மாட்டியோ’ன்னுதான் கேட்பே.”

“மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல.”

மரியாதை! எங்கள் சாவோ காட்டுப்பக்கத்து ஆட்களுக்கு அது ஒரு வியாதி. ஒருவரிடம் நேரம் கேட்பதற்குள், இல்லை என்று அவர் சொல்லப்போகும் பதிலையும் நாமே சொல்லி, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை தைஸ்தோவுக்கு எழுபது வயது முடிகிறது. அன்றோடு அவருடைய லைசென்ஸும் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் கண் நன்றாகத் தெரிகிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். கடைக்குப் போவதென்றாலே காட்டுவழியே அரைமணி நேரக் கார்ப் பயணம். ஹில்க்காவுக்கு ஓட்டத் தெரியாது. தலைநகரை ஒட்டிய எஸ்போவில் இருக்கும் மகன் பெர்த்து ஈஸ்டர் சமயத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டான், வண்டி ஓட்ட முடியாமல் போனால் வீட்டை விற்றுவிட்டு அவன் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று. ஐந்தாவது மாடியில் ஒரு வீடும் பார்த்து வைத்திருக்கிறான். இந்த மாதக் கடைசிவரைதான் அதன் சொந்தக்காரர் பொறுப்பாராம். அங்கே சவுனா என்கிற நீராவிக் குளியலறை கட்டிடத்துக்கே பொதுவாம், வாரத்தில் ஒருநாள் முறை வருமாம். ஏரிக்கரையில் சொந்த சவுனா வைத்திருப்பவள் முறைக்குக் காத்திருந்து வேர்க்க வேண்டுமா? நினைத்தாலே ஹில்க்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறந்தநாள் வந்து போனது. கார் கொட்டகையில் நின்றுவிட்டது. மான்கூடக் குறுக்கே வராத சாலைதான், ஆனாலும் லைசென்ஸ் இல்லாமல் சாவியைத் தொட மாட்டார் நம் போர்வீரர். திங்களன்று ஹில்க்காவே போனை எடுத்தாள்.

“டாக்டர்கிட்ட நேரம் வேணும். எப்ப இருக்கு?”

யாரோ வரவில்லை என்று சொல்லிவிட்டதால் வியாழன் காலை பத்து மணி கிடைத்தது. “பார்த்தியா? கேட்கிற விதம்னு ஒண்ணு இருக்கு,” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் டவுனுக்குப் போவது எப்படி? பேருந்து நின்று வெகுகாலமாயிற்று. டாக்ஸிக்காரர் வண்டியை விற்றுவிட்டு ஸ்பெயினில் வெயில் காய்கிறார். மிச்சம் எதிர்வீட்டு ஆர்மாஸ்தான். தனியாள், நல்ல கார், பூனையைத் தவிர வேறு பொறுப்பு கிடையாது.

“நான் போய்க் கேக்கட்டுமா?” என்றார் தைஸ்தோ.

“நீ போனா அவன் காரைக் கழுவிக் குடுத்துட்டு வருவே. உக்காரு.”

ஹில்க்கா போனாள். ஆர்மாஸ் காப்பி ஊற்றினார். வேண்டாம் என்றாள், பிறகு குடித்தாள். இன்னும் பனி விழாததைப் பற்றிப் பேசினார்கள். ஏலக்காய் ரொட்டியை வேண்டாம் என்றாள், பிறகு அதையும் தின்றாள். இரண்டாவது கோப்பையும் காலியானது. இனியும் தள்ளிப்போட முடியாது. வாயைத் திறந்தாள்.

“வியாழக்கிழமை காலையில… டவுன் பக்கம் போறதுக்கு உங்களுக்கு நேரம் ஏதும் இருக்காதில்ல?”

தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

ஆர்மாஸ் கோப்பையைக் கையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். “இருக்காதுதான்,” என்றார்.

“அதான், நானும் நெனச்சேன்.”

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கத்தினாள். “நேரமில்லையாம் துரைக்கு! பூனைக்கு மீன் நறுக்குறதைத் தவிர என்ன வேலை அவனுக்கு?”

வேறு வண்டி கிடைக்காமலே வியாழக்கிழமை வந்தது. காலையில் ஜன்னல் வழியே பார்த்தால், ஆர்மாஸின் கார் கழுவித் துடைத்து அவர் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்மாஸ் நல்ல தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

“பாரேன், எங்கேயோ ஜோரா கிளம்புறான்,” என்றாள் ஹில்க்கா.

கார் கிளம்பவில்லை. காப்பி ஆறிப்போன பிறகும் அங்கேயே நின்றது.

“நமக்காக இருக்குமோ?” என்றார் தைஸ்தோ.

“நேரமில்லைன்னு அவன்தானே சொன்னான்.”

“நீ எப்படிக் கேட்டே?”

ஹில்க்கா ஆறிய காப்பியைத் தொட்டியில் கொட்டினாள். தைஸ்தோ அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கோட்டை எடுத்து மாட்டினாள், கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைத் தாண்டினாள், காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். “டவுனுக்குப் போகணும். ஓட்டுங்க.”

“ஓட்டத்தானே உக்காந்திருக்கேன்,” என்றார் ஆர்மாஸ். “நீங்க இன்னொரு தடவை கேட்பீங்கன்னு மூணு நாளாப் பார்த்தேன்.”

“இருக்காதுன்னு சொன்னீங்களே!”

“நீங்கதான் இருக்காதுன்னீங்க. வீடு தேடி வந்த மனுஷி பேச்சை எப்படி மறுக்கிறது?”

மருத்துவ நிலையத்தில் அவர்கள் நுழைந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், பிறகு இவர்களைப் பார்த்தாள்.

“பத்து மணிக்கு உங்களுக்கு நேரம் இருந்திருக்கும்,” என்றாள், மிக மரியாதையாக. “டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்.”

தைஸ்தோ தொண்டையைச் செருமினார். “இந்த மாசம் வேற நேரம் ஏதும் இருக்காத—”

ஹில்க்கா அவர் காலை மிதித்தாள். “இந்த மாசம் வேற நேரம் இருக்கா?”

“இல்லைங்க. ஜனவரியில இருக்கு.”

இவ்வளவு நேராகக் கேட்டதற்கு இவ்வளவு நேரான பதில். ஹில்க்கா அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஏரிக்கரையும் சவுனாவின் கரிபிடித்த கதவும் கண்முன் வந்தன. மாதக் கடைசிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது; ஜனவரிவரை அந்த ஐந்தாவது மாடி வீட்டுக்காரரும் பொறுக்க மாட்டார், மகனும் பொறுக்க மாட்டான். பெர்த்துவிடம் இதை எந்த வாயால் சொல்வது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் இந்த இரண்டு ஆண்களின் முன்னால் அழுவதாக இல்லை.

ஆர்மாஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“போற வழியில ஒரு காப்பி குடிக்க… உங்களுக்கு நேரம் இருக்காதோ?”

“இருக்கு ஆர்மாஸ்,” என்றாள் ஹில்க்கா. “இனிமே எங்களுக்கு நேரத்துக்கு என்ன குறைச்சல்.”